தானாக ஓகே அழுத்திய லேப்டாப்

எங்கள் அத்தானுக்குத் தெருவில் பெயர் ‘ரீஸ்டார்ட்’. யார் எந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், என்ன கோளாறு என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், “ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்டுவிடுவார். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற நாட்களில் நானே, “அத்தான், அக்காவ ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்” என்று சீண்டியிருக்கிறேன். அவருக்கும் சிரிப்பு வரும். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அவர்மேல் ஆத்திரம் வரும். எனக்கே இன்னும் அடங்கவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துண்டு. கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைப்பார். எந்தக் குழியில் எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் நான் கை தவறி அந்த அட்டையைத் தட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. முதலில் டிவி ரிப்பேர்க் கடையில் இருந்தவர். டிவிகள் மெலிந்து சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு கடைக்காரர் கடையை மூடிவிட, அத்தான் லேப்டாப் பக்கம் வந்தார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. ஒன்றுக்கும் உதவாது என்று மற்றவர்கள் கைவிட்டவற்றை வாங்கிப் பிரித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி, அழித்து, மறுபடி ஏற்றிப் பழகினார்.

“புதுசுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க மச்சான். பழசுக்குத்தான் ஆள் இல்ல” என்பார். பழைய லேப்டாப் ஒன்று முக்கி முனகி எழுந்து முகப்பைக் காட்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு கூட வேண்டாம். அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையின் நடுவில் வந்து நிற்கும் மெசேஜ்கள். அதைப் புதுப்பிக்கவும், இதன் காலம் முடிந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை, பேட்டரியை மாற்றவும் என்று வயதான லேப்டாப் எதையாவது புலம்பிக்கொண்டே இருக்கும். அத்தான் ஒன்றையும் படிக்க மாட்டார். வந்த வேகத்தில் ஓகே. “எல்லாம் நச்சரிப்பு” என்பார்.

அக்கா வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருக்கும் குளிர்சாதனக் கிடங்கில். மலை மலையாகப் பழங்கள் வந்து இறங்கும். அழுகலைப் பொறுக்கி எடுத்து, நல்லதைத் தரம் பிரித்துக் கூடைகளில் அடுக்குவது பெண்களின் வேலை. மூன்றாம் அறையில் அக்காதான் மூத்தவள். அவள் சொன்னால் அந்த அறைப் பெண்கள் கேட்பார்கள். நான் அதே கிடங்குக்கு வேன் ஓட்டுகிறேன். ஆக எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தக் குளிரில்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கிடங்கு அலுவலகத்தில் ஒரு லேப்டாப் இருந்தது. செங்கல் கனம். எழுத்துகள் தேய்ந்துபோன விசைகள், ஒரு பக்கக் கீல் உடைந்து டேப் சுற்றியது, பேட்டரி செத்துப்போய் எப்போதும் ஒயரோடு இருப்பது. அதை மட்டும் யாரும் மாற்ற முடியாது. அறைகளைக் குளிர வைப்பது அம்மோனியா. ஒவ்வோர் அறைச் சுவரிலும் வாயுவை மோந்து பார்க்கும் கருவி ஒன்று உண்டு. எந்த அறையில் அம்மோனியா கசிந்தாலும் அது இந்த லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் திரையில் மெசேஜ் போடும். அந்த மென்பொருளை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அது இந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அதனால் பெரிய பெரிய இயந்திரங்கள் எல்லாம் அந்தக் கிழட்டு லேப்டாப்பை நம்பி நின்றன.

கிடங்கு சூப்பர்வைசருக்கு அந்த லேப்டாப் தலைவலியாகிவிட்டது. கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் மெசேஜ்மேல் மெசேஜ். ஓகே அழுத்தி அழுத்தி அவர் விரல் தேய்ந்தது. ஒரு நாள் அவர் அக்காவிடமே புலம்ப, அக்கா பெருமையாக, “எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன் சார், பாத்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று இரவு சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புருஷனுக்குக் கம்பெனி வேலை பிடித்துக் கொடுத்த பூரிப்பு.

அத்தான் போய்ப் பார்த்தார். புதுப்பிப்பை நிறுத்தினார், காலாவதியான வைரஸ் காவலைக் கழற்றினார், குப்பையைக் கூட்டி இடம் ஏற்படுத்தினார். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வந்தது. இல்லாத பிரிண்டரைக் காணோம் என்றுகூட ஒரு மெசேஜ் வந்தது. கடைசியில் பொறுமை போய், தானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதிப் போட்டார். திரையில் ஓகே என்ற பட்டனோடு எது வந்தாலும், அது தானாகவே ஓகேயை அழுத்தி மூடிவிடும். லேப்டாப்பைத் திறந்ததும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். கண் சிமிட்டும் நேரம்கூட எந்த மெசேஜும் நிற்காது.

“ரீஸ்டார்ட்டுன்னா ரீஸ்டார்ட்டுதான்யா! இத்தன நாள் எங்கய்யா இருந்தீங்க?” என்று சூப்பர்வைசர் அவர் முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார். நான் வாசலில் வேனில் இருந்து பார்த்தேன். அத்தான் வெட்கத்தோடு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மோனியா மெசேஜிலும் ஓகே என்ற பட்டன்தான் இருக்கும். அத்தான் அந்த மெசேஜ் வந்து பார்த்ததே இல்லை. சூப்பர்வைசர் பார்த்திருக்கிறார், ஆனால் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

மழை தொடங்கிய சமயத்தில் அக்காவின் கண்கள் சிவக்க ஆரம்பித்தன. வேலை முடிந்து வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போவாள். தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வாள். பிறகு இருமல். படுத்தால் வரும், பேசினால் வரும்.

“மூணாம் ரூம்ல நெடி தாங்கலடா” என்று என்னிடம் சொன்னாள்.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. மறுநாளே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது என்பது வேறு விஷயம். அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு அறைக்கும் நாலு பச்சைக் கட்டங்கள், பக்கத்தில் ஏதோ எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அம்மோனியா ஓடுற எடம் தம்பி. லேசா நெடி இருக்கத்தான் செய்யும். ஜாஸ்தியானா இது கத்திடும். ஒரு மெசேஜாவது வந்திருக்கா பாருங்க. முன்னெல்லாம் மாசத்துல ஒண்ணாவது வரும். உங்க அத்தான் கை பட்டதுலேர்ந்து அதுவும் இல்ல.”

அவர் அதை நல்ல செய்தியாகச் சொன்னார். நானும் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா அதை ஏற்கவில்லை. வீட்டில் அத்தானிடம் சொன்னாள். ஒரு தடவை அல்ல, நெடி வந்த நாளெல்லாம் சொன்னாள். அவர் திறந்து போட்ட லேப்டாப்புக்குள் தலையை விட்டபடி, “சரி, சரி” என்பார். இன்னொரு நாள் கொஞ்சம் நிமிர்ந்து, “கருவி பொய் சொல்லாதும்மா. நானே போய்ப் பாத்தேன், லேப்டாப் சுத்தமா இருக்கு. உனக்கு சளி பிடிச்சிருக்கு, டாக்டரப் பாரு” என்றார். டாக்டரும் சளி மருந்துதான் கொடுத்தார். மூன்றாம் அறையில் இன்னும் இரண்டு பெண்களுக்குச் சளி. ஒருத்திக்குக் கையில் தோல் உரிந்தது. எல்லாம் குளிர் என்றார்கள். குளிரில் வேலை செய்தால் குளிரத்தானே செய்யும் என்று சூப்பர்வைசர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பை அறைந்து நிறுத்தலாம் போல இருந்தது, ஆனால் திரையில் பச்சைக் கட்டங்களைக் கண்ணால் பார்த்தவன் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அறைக் கதவைத் திறந்து மூடும்போது ஒரு வாடை வெளியே வந்து கண்ணைக் கரிக்கும். வேனில் கூடை ஏற்றும் ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். கிடங்கின் பின்பக்கம் வழக்கமாக வந்து படுத்துக் கிடக்கும் நாய்கள் வருவதை நிறுத்திவிட்டன. இதையெல்லாம் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு, லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லையே என்று வேலையைப் பார்த்தோம்.

ஒரு நாள் காலை, லேப்டாப் எழவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போன் போட்டார். நான்தான் அத்தானை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா முன்னமே பஸ்ஸில் போய்விட்டாள். புறப்படும்போது வாசலில் நின்று, “இன்னிக்கு மட்டும் கண்ணு எரிஞ்சுதுன்னா, நான் பாட்டுக்கு வெளிய வந்துடுவேன், ஆமா. யாரு என்ன சொன்னாலும் சரி” என்று இருமலோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அத்தானுக்குக் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் மேசையில் யாருடையதோ லேப்டாப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் அவர் வேலை செய்வதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைப் பின்பக்கம் திருப்பி, மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். ஆபரேட்டிங் சிஸ்டம் பாதி வழியில் வந்து நின்றது. தொடக்கத்தில் தானாக ஓடும் புரோகிராம்களில் ஏதோ ஒன்று மற்றதை அடைக்கிறது என்றார். இந்த மாதிரி நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் அவர் வழக்கம். எல்லாவற்றையும் நிறுத்தினார். அவருடைய சின்னப் புரோகிராமும் அதில் ஒன்று.

லேப்டாப் எழுந்தது. அத்தான் முகம் மலர்ந்தது. முதல் வேலையாகக் கிடங்கு மென்பொருளைத் திறந்தார். நாலு பச்சைக் கட்டங்கள் வந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கட்டம் சிவந்தது. திரையின் நடுவில் ஒரு மெசேஜ் வந்து நின்றது.

பழக்க தோஷம், அத்தானின் விரல் ஓகேக்குப் போய்விட்டது. போன விரல் பாதியில் நின்றது. உதடு அசைய அவர் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் அறை, வாயு அளவு எல்லை மீறியது, ஆட்களை உடனே வெளியேற்றவும் என்று இருந்தது.

“இது எப்ப வந்தது?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அப்போது கூரையில் சங்கு ஊதியது. நான் அந்தக் கிடங்குக்கு வேன் ஓட்டத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சூப்பர்வைசர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

“ஓகே அழுத்துங்க, ஓகே அழுத்துங்க! மெசேஜ் வந்து யாரும் ஓகே அழுத்தலன்னா சங்கு ஊதும். ஆள் பாத்துட்டாங்கன்னு அதுக்கு ஓகேதான் அடையாளம், கட்டமும் பச்சையாயிடும்!”

அத்தான் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இத்தனை நாளாக அந்த மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் அவருடைய புரோகிராம், ஆள் பார்த்துவிட்டான் என்று சொல்லிச் சங்கையும் சிவப்புக் கட்டத்தையும் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அவருக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நாற்காலி சாய, எழுந்து ஓடினார்.

முற்றத்தில் மற்ற அறைப் பெண்கள் எல்லோரும் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். அத்தான் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா இல்லை. மூன்றாம் அறைப் பெண்கள் ஒருத்திகூட இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். சங்குச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே எங்கேயோ இரும்பு தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் அறைக் கதவிடுக்கில் வெள்ளையாகப் புகை கசிந்து தரையோடு பரவியது.

“அத்தான், போகாதீங்க! மெஷின் ரூம் மெக்கானிக் மாஸ்க்கோட வர்றாரு!” நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பட்டன் என் கையோடு வந்தது. அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவை இழுத்தார், உள்ளே போனார்.

அக்கா உள்ளே இல்லை. சொன்னபடியே செய்திருந்தாள். லாரியிலிருந்து சரக்கு இறக்கும் பின்மேடையில், தன் அறைப் பெண்கள் எல்லோரோடும் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதுவதற்கு ரொம்ப முன்னாடியே, கண் எரிந்த உடனே எழுந்து, “எல்லாரும் வாங்கடி, வேலை போனா போகட்டும்” என்று பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சங்கு கேட்டதும் அங்கிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். மூன்றாம் அறைக் கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. சாப்பாட்டுச் சாமான் இருக்கும் இடத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்று பழகிப்போன கால், அந்த ஓட்டத்திலும் கழற்றிவிட்டுப் போயிருக்கிறது. அக்கா செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாருடா உள்ள?” என்றாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

நாங்கள் மூன்று பேர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மெக்கானிக் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய், அத்தானை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்தார். அக்கா வழக்கமாக நின்று வேலை செய்யும் மேசைக்குக் கீழே கிடந்தாராம். குனிந்து தேடியிருக்கிறார். குழாயைத் திறந்து வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் முகத்தில் தண்ணீர் ஊற்றினோம்.

உயிர் பிழைத்தார். ஒரு கண்ணுக்குப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொன்று, கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரியும் என்றார். நெஞ்சுக்குள் புண். பேசினால் காகிதம் உரசுகிற மாதிரி சத்தம் வந்தது. கிடங்கில் பழைய வால்வு உடைந்துபோனது என்று முடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் பழக்கூடை ஒன்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அவரை வராந்தாவைத் தாண்ட விடவில்லை. புரோகிராமைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. அத்தானே சொல்லாவிட்டால் அக்காவுக்கு அது தெரியவே போவதில்லை.

அவர் சொல்லிவிட்டார். பேச முடிந்த முதல் நாளே, இரண்டு கண்ணிலும் கட்டோடு, மூச்சு வாங்க வாங்க, ஒன்று விடாமல் சொன்னார். மெசேஜ் வந்தது, தான் எழுதியது அதை மூடியது, சங்கை ஊத விடாமல் செய்தது தான்தான், அவளும் மற்றப் பெண்களும் செத்திருந்தால் கொன்றது தான்தான் என்று. கடைசியில், “என்ன மன்னிச்சிடு” என்றார்.

அக்கா அவருக்குக் குடிக்கக் கொடுக்கத் தண்ணீரைக் கையில் வைத்திருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அந்த லேப்டாப் மூடுனத விடுங்க. அதுக்கு என்ன தெரியும்? கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு நான் உங்க பக்கத்துல வந்து நின்னு எத்தன தடவ சொன்னேன். அப்பல்லாம் நீங்களும் என்னன்னு கேக்காமலே சரி சரின்னுதானே சொன்னீங்க.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அத்தான் கட்டுப்போட்ட முகத்தை அவள் குரல் வந்த பக்கமாக மெதுவாகத் திருப்பினார்.

“இப்ப சொல்லு” என்றார். “கேக்கறேன்.”

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போன பிறகும் அவர் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.